அப்பாவின் மருத்துவச் செலவு யார் கணக்கில்?

கேள்வி: ஐயா, என் அப்பா மாநகராட்சியில் 32 வருஷம் துப்புரவுப் பணி செய்து 2016-ல் ரிட்டையர் ஆனார். பென்ஷனில் மாதாமாதம் இன்ஷூரன்ஸுக்கு 497 ரூபாய் பிடிக்கிறார்கள். போன மாதம் ராத்திரி ஒன்றரை மணிக்கு நெஞ்சுவலி வந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஸ்டென்ட் வைத்தார்கள். பில் 1,85,000 ரூபாய். அம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டினோம். இப்போது "அந்த ஆஸ்பத்திரி லிஸ்டில் இல்லை" என்று கிளெய்மைத் திருப்பிவிட்டார்கள். நேரில் போய்க் கேட்ட இடத்தில் "இதுக்கெல்லாம் ஃபண்ட் இல்லம்மா" என்றார்கள். என் தம்பியும் துப்புரவு வேலைதான். முன்பு என்.யு.எல்.எம். என்ற நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தில் இருந்தான், இப்போது காண்ட்ராக்டரிடம். அவனுக்கு வயதானால் என்ன கதி? ஓய்வுபெற்றோர் சங்கத்தில் அடுத்த பட்ஜெட்டுக்கு முன் மனு கொடுக்கலாம் என்கிறார்கள். எதைக் கேட்பது?
— ஒரு மகள், கொருக்குப்பேட்டை, சென்னை

பதில்:

அம்மா, முதலில் அப்பாவின் பில்லைப் பார்ப்போம். நகை அடகுக் கடையில் இருக்கும்போது பட்ஜெட் பேச்சு யார் காதிலும் ஏறாது.

லிஸ்டில் இல்லாத மருத்துவமனை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி அவசர சிகிச்சைச் செலவை மறுக்கக் கூடாது. சிவகாந்த் ஜா என்ற ஓய்வுபெற்ற மத்திய அரசு அதிகாரி தொடுத்த வழக்கில் 2018 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சிகிச்சை உண்மையிலேயே நடந்ததா, மருத்துவர்கள் அதற்குச் சான்று தந்திருக்கிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். மருத்துவமனையின் பெயர் அரசாணையில் இருக்கிறதா என்பதை வைத்து மட்டும் உரிமையை மறுக்கக் கூடாது என்றது தீர்ப்பு. நம் சென்னை உயர் நீதிமன்றமும் பென்ஷனர்களின் பல வழக்குகளில் இதே வழியில் போயிருக்கிறது.

அதனால் "திருப்பிட்டாங்க" என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். மறுத்த காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்ன பதிலுக்கு அப்பீல் கிடையாது. பிறகு மருத்துவமனைக்குப் போய், டிஸ்சார்ஜ் சம்மரியில் அவசரமாகச் சேர்க்கப்பட்டவர் என்பதும், சேர்த்த நேரமும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இதய மருத்துவரிடம் தனியாக ஒரு கடிதம் கேளுங்கள். "இந்த நேரத்தில், இந்த நிலையில் கொண்டுவரப்பட்டார், வேறு மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தால் உயிருக்கு ஆபத்து" என்று மூன்று வரி போதும். உங்கள் வழக்கே அந்த மூன்று வரிதான். பென்ஷன் ஆணை, இன்ஷூரன்ஸ் அடையாள எண், அசல் பில்கள் எல்லாவற்றையும் சேர்த்து, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குறைதீர்க்கும் குழுவுக்கு மனு போடுங்கள். மனுவில் அந்தத் தீர்ப்பின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். அங்கேயும் மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். வக்கீல் ஃபீஸுக்குப் பயப்பட வேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. நகையை வைத்துப் பணம் கட்டிய உங்கள் அம்மா போய் நிற்கலாம். 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கட்டிய 1,85,000 ரூபாயும் முழுதாகத் திரும்பி வராமல் போகலாம். அந்தச் சிகிச்சைக்கு என்று திட்டத்தில் வைத்திருக்கும் தொகை வரைக்கும்தான் தருவார்கள். அது வந்தால் நகையில் பாதியையாவது மீட்கலாம். அதற்காக அலைவது வீண் அலைச்சல் ஆகாது.

அந்த 497 ரூபாயைப் பற்றியும் ஒரு விஷயம். பென்ஷனர்களில் பலர் தவறாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். பென்ஷனர்களுக்கான திட்டம் 2022 ஜூலை முதல் 2026 ஜூன் வரையிலானது. அதில் வரும் 5 லட்ச ரூபாய், கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து, நான்கு வருஷத்துக்கும் சேர்த்து. சில குறிப்பிட்ட பெரிய நோய்களுக்கு மட்டும் 10 லட்சம் வரை போகும். ஏழைக் குடும்பங்களுக்கான முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 5 லட்சம் என்பது ஒவ்வொரு வருஷத்துக்கும். இரண்டிலும் "அஞ்சு லட்சம்" என்றே சொல்வதால் இரண்டும் ஒன்றுதான் என்று ஜனங்கள் நினைத்துவிடுகிறார்கள். உங்கள் அப்பாவிடம் நான்கு வருஷத்தில் பிடிப்பது 23,856 ரூபாய். ஸ்டென்ட் வைத்தவருக்கு இனி தினமும் மாத்திரை உண்டு. அது புறநோயாளிச் செலவு, இன்ஷூரன்ஸ் தராது. பென்ஷனோடு வரும் மருத்துவப்படி மாதம் 300 ரூபாய். கல்மண்டபம் பக்கம் ஏதாவது ஒரு மருந்துக் கடையில் ஒரு மாதத்துச் சீட்டை நீட்டினால் அந்த 300 எத்தனை நாளைக்கு வரும் என்று உங்களுக்கே தெரியும். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் உள்ள மாத்திரைகளை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அப்பா பெயர் அதில் இல்லையென்றால், உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த வாரமே பதிந்துவிடுங்கள். இதய மாத்திரைகளுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஒரு சீட்டு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி "ஃபண்ட் இல்லம்மா" என்ற பேச்சுக்கு வருகிறேன்.

நான் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். ஒரு நகராட்சியில் கணக்குப் பிரிவுக்குப் பின்னால் ஒரு பச்சை பீரோ இருந்தது. ஓய்வுபெற்றவர்களின் மருத்துவ பில்களைச் சணல் கயிற்றால் கட்டி அதன் கீழ்த்தட்டில் அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு கட்டின் மேலும் பென்சிலில் ஒரே குறிப்பு: "நிதி நிலைக்கேற்ப". கட்டுகளை நான் தேதிவாரியாகப் பிரித்து வைத்தபோது, ஒரு தெருவிளக்குப் பணியாளரின் பில்லுக்கு அடியில் அவருடைய இறப்புச் சான்றிதழ் இருந்தது. பில் கொடுத்துப் பதினான்கு மாதம் கழித்து அவர் மனைவி கொண்டுவந்து இணைத்தது. பில்லில் தவறு ஒன்றும் இல்லை. அந்த வருஷத்துப் பட்ஜெட்டில் அதற்கு இடம் போடவில்லை, அவ்வளவுதான். ஆட்சேபணைக் குறிப்பில் அதை எழுதினேன். அந்த அம்மாவிடம் என்ன சொல்வது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பென்சில் எழுத்து இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் அப்பா 1984-லேயே வேலைக்குச் சேர்ந்திருப்பார். அன்றைக்கு அவர் தெருவைக் கூட்டி, குப்பையை அள்ளி வண்டியில் ஏற்றியபோது நகரம் அவருக்கு இரண்டு வாக்குறுதி தந்தது. ஒன்று அந்த மாதச் சம்பளம். அது அந்த மாதமே செலவுக் கணக்கில் ஏறிவிட்டது. இன்னொன்று வயதான காலத்துக்கான பென்ஷனும் வைத்தியமும். அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. 1984-ல் சுத்தமான தெருவில் நடந்த ஊர், கொடுக்க வேண்டிய விலையில் ஒரு பகுதியைத்தான் கொடுத்தது. மிச்சத்தை இப்போது வரி கட்டுகிறவர்கள் தலையில் வைத்தது. இவர்கள் கையில் பணம் போதாத வருஷத்தில் அது உங்கள் அம்மாவின் கழுத்துக்கு வந்து நிற்கிறது.

வைத்தியச் செலவு என்பது ஊழியர் வேலை செய்த அன்றே நகரம் பட்ட கடன். வியாதி வரும் அன்றைக்குத்தான் கடன் பிறக்கிறது என்று நினைத்துப் பட்ஜெட் போடுவதுதான் எல்லாக் கோளாறுக்கும் மூலம்.

இதைச் சீட்டுக் கணக்கு மாதிரி போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஓய்வுபெற்ற பிறகு 18 வருஷம் இருப்பார், இன்ஷூரன்ஸில் வராத மருந்து மாத்திரைக்கு வருஷம் 12,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். விலை ஏறுவதும் வட்டி ஏறுவதும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என்று கொண்டால், அவர் ரிட்டையர் ஆகும் நாளில் 2,16,000 ரூபாய் தனியாக இருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த மாதத்திலிருந்து 30 வருஷம், 7 சதவீத வட்டியில் சேர்த்தால் மாதம் சுமார் 177 ரூபாய் போதும். கடைசிப் பத்து வருஷத்தில் விழித்துக்கொண்டால் மாதம் 1,250 ரூபாய் ஆகும். சேர்க்காமலே விட்டால் முழுத்தொகையும் ஒவ்வொரு வருஷமும் ரோட்டுக்கும் விளக்குக்கும் வைத்த பணத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். அந்தப் போட்டியில் கட்டிலில் கிடக்கும் கிழவர் எந்த ஊரிலும் ஜெயித்ததில்லை.

எங்கும் ஜெயித்ததில்லை என்று சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் நகர ஊழியர்களுக்கு ஓய்வுக்குப் பிறகும் மருத்துவக் காப்பீடு தருவதாகப் பல நகரங்கள் வாக்குக் கொடுத்தன. அந்த வாக்குறுதியின் மொத்த மதிப்பு எவ்வளவு என்று கணக்கிட்டு எழுதும் விதி அங்கே 2004-ல்தான் வந்தது. எழுதிப் பார்த்த பிறகுதான் பல நகரங்களுக்குத் தலை சுற்றியது. கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரம் 2012-ல் திவாலானது. ஓய்வுபெற்றோரின் மருத்துவத்துக்குச் சுமார் 54 கோடி டாலர் தர வேண்டியிருந்த இடத்தில், கடைசியில் கிடைத்தது 51 லட்சம் டாலர். ரூபாய்க்கு ஒரு பைசா கணக்கு. அடுத்த வருஷம் டெட்ராய்ட் திவாலாகி, அங்கேயும் ஓய்வுபெற்றவர்களின் மருத்துவக் காப்பீடு பெருமளவு வெட்டப்பட்டது. இரண்டு ஊரிலும் தீயணைப்பு வண்டி ஓட்டியவர்களும் குப்பை அள்ளியவர்களும்தான் அந்த நஷ்டத்தைச் சுமந்தார்கள்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். உங்கள் தெருவில் போக்குவரத்துக் கழகத்தில் டிரைவராக இருந்து ரிட்டையர் ஆன யாராவது இருப்பார். அவரைக் கேளுங்கள். அவர்களுக்கென 1998-ல் பென்ஷன் நிதி அறக்கட்டளை ஏற்படுத்தினார்கள். ஆனால் பென்ஷனுக்குத் தேவையான அளவுக்குப் பணம் அதில் சேரவில்லை. 2015 நவம்பரிலிருந்து பல வருஷம் அகவிலைப்படி உயர்வு இல்லாமல் அந்தப் பெரியவர்கள் கோர்ட்டுக்கும் போராட்டப் பந்தலுக்கும் அலைந்தார்கள். நிதி என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது. மாதாமாதம் அதில் பணம் விழ வேண்டும், விழுந்த பணத்தை வேறு யாரும் எடுக்க முடியாதபடி பூட்டும் வேண்டும்.

இப்போது தம்பி விஷயம். அப்பாவைவிட எனக்கு அவனைப் பற்றித்தான் அதிகக் கவலை.

காண்ட்ராக்டரிடம் வேலை பார்க்கும் ஆளின் வைத்தியச் செலவு, பட்ஜெட்டில் பணியாளர் செலவு என்ற தலைப்பில் வராது. ஒப்பந்தத் தொகை என்ற ஒற்றை வரிக்குள் புதைந்துவிடும். கணக்கில் பார்த்தால் நகரத்துக்கு மிச்சம் பிடித்தது மாதிரி தெரியும். மிச்சம் ஒன்றும் இல்லை. அவன் நுரையீரல் கெட்டால் ஸ்டான்லி வரிசையில் நிற்பான். மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகைக் கணக்கிலிருந்து மாநில சுகாதாரத் துறைக் கணக்குக்குச் செலவு இடம் மாறியது, அவ்வளவே. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்தது வேலை நிரந்தரத்துக்காக மட்டும் என்று நினைக்கிறவர்கள், நிரந்தரம் என்ற சொல்லுக்குள் இந்த வைத்தியமும் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அந்தப் போராட்டம் கலைக்கப்பட்ட மறுநாள், ஆகஸ்ட் 14 அன்று, தூய்மைப் பணியாளர்களுக்கு வரும் தொழில்சார் நோய்களைக் கண்டறிந்து சிகிச்சை தரத் தனித் திட்டம் என்று அமைச்சரவை அறிவித்தது. அந்தப் பரிசோதனை உன் டிவிஷனில் நடந்ததா என்று தம்பியிடம் கேளுங்கள். நடக்கவில்லையென்றால் சங்கத்தின் மனுவில் அதுவும் ஏற வேண்டும்.

தம்பி உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் அவனுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு கட்டாயம். அவன் சம்பளத்திலிருந்து 0.75 சதவீதம், காண்ட்ராக்டர் பங்கு 3.25 சதவீதம். காண்ட்ராக்டர் மாறும்போது பழைய இ.எஸ்.ஐ. எண்ணை விட்டுவிட்டுப் புது எண் போட்டுவிடுவார்கள். யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அந்த எண் ஆயுளுக்கும் ஒன்றுதான். ஐந்து வருஷமாவது இ.எஸ்.ஐ.-யில் இருந்து ஓய்வு வயதில் வெளியே வந்தவர், வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் மனைவிக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவத்தைத் தொடரலாம். மாதம் பத்து ரூபாய்! அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை வாசலிலேயே இருந்தும் இது தெரியாமல் வெளியே காசு கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எண் துண்டு துண்டாகக் கிடந்தால் அந்த ஐந்து வருஷத்தை நிரூபிக்க நாய்படாத பாடு படவேண்டும். இரண்டு எண் இருந்தால் இப்போதே மனு கொடுத்து ஒன்றாக்கச் சொல்லுங்கள். இருபது வருஷம் கழித்து அந்தக் காண்ட்ராக்டரை எங்கே போய்த் தேடுவது?

சங்கத்தின் மனுவுக்கு வருகிறேன். மாநகராட்சி பட்ஜெட் வழக்கமாக மார்ச்சில் மாமன்றத்துக்கு வரும். ஆனால் மார்ச்சில் கொடுத்த மனு அடுத்த வருஷத்துக்குத்தான். துறைவாரியாக மதிப்பீடு தயாராகும் டிசம்பர், ஜனவரியில் உங்கள் தாள் மேஜையில் இருக்க வேண்டும். அதற்கு முன் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு விண்ணப்பம் அனுப்புங்கள். கடந்த ஐந்து வருஷத்தில் ஓய்வுபெற்றோரின் மருத்துவத்துக்கு, பென்ஷனோடு கலக்காமல், தனியாக எவ்வளவு செலவானது; இன்று கொடுபடாமல் நிற்கும் பில்கள் எத்தனை, மொத்தத் தொகை என்ன; அடுத்த பத்து வருஷத்தில் வருஷவாரியாக எத்தனை பேர் ஓய்வு பெறுகிறார்கள்; இதற்கென ஒதுக்கிவைத்த நிதி ஏதாவது இருக்கிறதா. இந்த நான்கை மட்டும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு. மூன்றாவது கேள்விதான் உயிர்நாடி. எத்தனை பேர் வெளியே வரப்போகிறார்கள் என்பது பணிப்பதிவேட்டில் பிறந்த தேதியோடு இருக்கிறது. அது தெரிந்தும் அதற்குப் பணம் போடாததை எதிர்பாராத செலவு என்று யாரும் சொல்ல முடியாது.

பதில் வந்ததும் மனுவில் முக்கியமாக இரண்டு விஷயத்தைக் கேளுங்கள். பத்தைக் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. முதலாவது, பட்ஜெட் புத்தகத்தில் ஓய்வுபெற்றோர் மருத்துவத்துக்குத் தனிக் கணக்குத் தலைப்பு, அதற்கென ஒரு நிதி. நிரந்தரப் பணியாளரின் அடிப்படைச் சம்பளத்தில் இரண்டு சதவீதமாவது மாதாமாதம் சம்பளப் பட்டியல் போடும் அன்றே அதில் விழ வேண்டும், அதைக் கவனிக்கும் குழுவில் ஓய்வுபெற்றவர்களும் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். இரண்டு சதவீதம் என்பது என் கருத்து. முதலில் ஒரு சதவீதத்துக்கு ஒப்புக்கொண்டாலும் தொடங்கிவிடட்டும். தொடங்கிய நிதியை வளர்க்கலாம். ஒப்பந்தப் பணிக்கான டெண்டர் நிபந்தனையிலும் தொழிலாளியின் பழைய இ.எஸ்.ஐ. எண்ணே தொடர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

இரண்டாவது, நகரத்திடம் ஏற்கெனவே இருப்பதைக் கேளுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. தண்டையார்பேட்டையில் மாநகராட்சியின் தொற்றுநோய் மருத்துவமனையே இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஓய்வுபெற்ற பணியாளருக்கு என்று ஒதுக்கி, பிரஷர், சர்க்கரை, ஈ.சி.ஜி. பார்த்து மாத்திரை கொடுப்பதற்குப் புதுக் கட்டடமோ புது டாக்டரோ தேவையில்லை. இன்ஷூரன்ஸ் தொகையை ஏற்றச் சொல்லிக் கேட்கும் சங்கங்கள் இதைக் கேட்பதில்லை. தொகையை ஏற்றினால் பிரீமியமும் ஏறும். அது திரும்ப அப்பாவின் பென்ஷனிலிருந்துதான் போகும். கொடுங்கையூர்க் குப்பை மேட்டுக்கு லாரி லாரியாக அனுப்பி, அந்தப் புழுதியை முப்பது வருஷம் மூச்சில் இழுத்தவருக்கு வருஷத்தில் ஒருமுறை நெஞ்சைச் சோதித்துப் பார்த்திருந்தால், ராத்திரி ஒன்றரை மணி ஓட்டம் வந்தே இருக்காது என்று என்னால் சொல்ல முடியாது. கொஞ்சம் முன்னாலேயே தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியும்.

மனுவை உங்கள் வார்டு மாமன்ற உறுப்பினரிடமும் ஒரு பிரதி கொடுத்து, பட்ஜெட் விவாதத்தில் பேசச் சொல்லுங்கள். போகும்போது அப்பாவின் பென்ஷன் சீட்டைக் கையில் எடுத்துப் போங்கள். 497 என்று பிடித்த வரியையும் 300 என்று தந்த வரியையும் விரலால் தொட்டுக் காட்டுங்கள். நீளமான பேச்சைவிட அந்த இரண்டு வரி வேகமாகப் புரியும்.

கடைசியாக ஒரு வேலை. இதை நாளைக்கே முடியுங்கள். அன்றிரவு எடுத்த முதல் ஈ.சி.ஜி. மெழுகுத் தாள் மாதிரியான காகிதத்தில் இருக்கும். நாளாக ஆகக் கோடு மங்கி வெள்ளைத்தாள் ஆகிவிடலாம். மருந்துக் கடை பில்லும் அப்படித்தான். மனு கலெக்டர் குழுவில் எடுக்கப்படும்போது காட்ட ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். எல்லாவற்றையும் மூன்று செட் ஜெராக்ஸ் எடுத்து, மருத்துவமனையில் முத்திரை வாங்கி, அசலை வெயில் படாத கவரில் வையுங்கள்.